பாட்டோடு ஓடும் போட்டோக்கள்: வாசகர் கேள்வி பதில்

விசேஷ வீடுகளில் திரையில் ஓடவிடும் போட்டோ வீடியோவை, காசு கொடுக்காத மென்பொருள்களை வைத்து வீட்டிலேயே செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில்.

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் ஓடவிட ஒரு போட்டோ வீடியோ வேண்டும். முந்நூறு படம் சேர்த்து வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10 லேப்டாப் இருக்கிறது. மூலையில் கம்பெனி பெயர் விழாமல் இலவசமாகச் செய்ய எது நல்லது?
– வாசகி, மயிலாடுதுறை

ஷாட்கட். ஓப்பன் சோர்ஸ், முழுக்க இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. பலரும் இன்னும் தேடும் விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் இப்போது இணையத்தில் கிடைப்பவற்றை இறக்க வேண்டாம்.

மென்பொருளைத் திறக்கும் முன் முந்நூறைக் குறையுங்கள். எத்தனை படம் என்பதைப் பாட்டின் நீளம்தான் முடிவு செய்ய வேண்டும். நான்கு நிமிடப் பாட்டு என்றால் 240 விநாடி. ஒரு படம் 5 விநாடி நிற்கிறது. ஒன்று மறைந்து அடுத்தது தெரிய 1 விநாடி ஆகிறது, அந்த ஒரு விநாடியில் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று இருக்கும். 60 படம் வைத்தால் 300 விநாடி. அதில் 59 மேற்படிதல்களைக் கழித்தால் 241. பாட்டுக்குச் சரியாக வந்துவிடுகிறது. முந்நூறையும் போட்டால் இதே கணக்கில் 1,201 விநாடி, அதாவது இருபது நிமிடம். பந்தி ஆரம்பித்துவிட்ட மண்டபத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்க ஆள் இருக்காது.

குறைக்கும்போது, இரண்டு பக்கத்துச் சொந்தங்களிலும் வீட்டுக்கு ஒரு குரூப் போட்டோவை முதலில் தனியே எடுத்து வையுங்கள். "எங்க வீட்டுப் படம் ஒண்ணுகூட வரலையே" என்ற பேச்சு அதோடு போய்விடும். மிச்ச இடத்தை அப்பாவின் படங்களால் நிரப்புங்கள். ஒரே விசேஷத்தில் எடுத்த பத்துப் படங்களில் ஒன்று போதும்.

தேர்ந்த படங்களை ஒரே ஃபோல்டரில் நகலெடுத்து 010, 020, 030 என்று பெயர் மாற்றுங்கள். முன்னால் இருக்கும் பூஜ்யம் முக்கியம். அது இல்லாவிட்டால் பல மென்பொருள்கள் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு 10ஐ 2க்கு முன்னால் வைத்துவிடும். விண்டோஸ் ஃபோல்டரில் பார்க்கும்போது வரிசை சரியாகவே தெரியும் என்பதால் கோளாறு எங்கே என்று புரியாது. பத்துப் பத்தாகத் தாண்டுவது, கடைசி நேரத்தில் சித்தப்பா கொண்டுவரும் படத்தை 025 என்று இடையில் நுழைக்க.

இனி ஷாட்கட். புது ப்ராஜெக்ட், வீடியோ மோட் எச்டி 1080பி 25. எல்லாப் படங்களையும் பிளேலிஸ்ட் பகுதியில் இழுத்துப் போட்டு, பெயர் வரிசைப்படி அடுக்கி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள். பிளேலிஸ்ட் மெனுவில் 'ஆட் செலக்டட் டு ஸ்லைட்ஷோ' என்று இருக்கும். அதைத் தட்டினால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். கால அளவு 5 விநாடி. ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 'பேட் பிளர்': செங்குத்துப் படங்களுக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைக்குப் பதில் அதே படத்தின் மங்கலான நிழல் விழும். 'கிராப்' வகைகளைத் தவிர்க்கவும். குரூப் போட்டோவில் நிற்பவர்களின் தலையை வெட்டிவிடும். ஜூம் 5 முதல் 10 சதவீதம், அதற்கு மேல் போனால் ஓரத்தில் நிற்பவர்கள் காணாமல் போவார்கள். டிரான்சிஷன், அதாவது ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு மாறும் நேரம், 1 விநாடி. வகை டிசால்வ்: ஒன்று மெல்ல மறைய அடுத்தது தெரியும். மற்ற வகைகளை முயன்று பார்க்கலாம்; ஆனால் திரையைத் துடைத்துக்கொண்டு போவதும் வட்டமாக விரிவதும் மூன்றாவது படத்திலேயே கண்ணை உறுத்த ஆரம்பிக்கும், ஆட்கள் படத்தை விட்டுவிட்டு வித்தையைப் பார்ப்பார்கள்.

ஓகே கொடுத்ததும் படவரிசை டைம்லைனுக்கு வந்துவிடும். கன்ட்ரோல்–யூ அடித்தால் அதன் கீழே ஆடியோ டிராக் ஒன்று வரும், பாட்டை அதில் போடுங்கள். பாட்டுத் துண்டின் மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் தெரியும். கடைசி மூலை வட்டத்தை உள்பக்கமாக 3 விநாடி அளவு இழுத்தால் பாட்டு வெடுக்கென்று நிற்காமல் மெல்லத் தேயும். எக்ஸ்போர்ட்டில் 'எச்.264 ஹை புரொஃபைல்' எடுத்துச் சேமியுங்கள்.

எட்டுப் பத்துப் பேர் நிற்கும் படத்துக்கு மட்டும் 7 விநாடி கொடுங்கள். ஒவ்வொரு முகமாகத் தேடிப் பார்க்க அவ்வளவு நேரம் வேண்டும்.

லேப்டாப்பில் நன்றாக ஓடுகிறது. பென்டிரைவில் போட்டு மண்டபத்து டிவியில் செருகினால் ஃபார்மேட் சரியில்லை என்கிறது. வேறொரு டிவியில் படம் வருகிறது, பாட்டு வரவில்லை.
– வாசகர், திருப்பூர்

எம்பி4 என்பது வெளி டப்பா மட்டும். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது, ஒலி எந்த முறையில் என்பதைத்தான் டிவி பார்க்கும். படம் எச்.264, ஒலி ஏஏசி ஸ்டீரியோ: இந்த ஜோடியை ஏறக்குறைய எல்லா டிவியும் ஓட்டும். உங்கள் ஃபைல் எச்.265ஆக, ஹெச்இவிசி என்றும் சொல்வார்கள், போயிருக்கலாம்; பழைய எல்இடி டிவிகளுக்கு அது தெரியாது. பாட்டு மட்டும் வராவிட்டால் ஒலி வேறு முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எக்ஸ்போர்ட் பக்கத்தில் கோடெக் (சுருக்கும் முறை) என்ற இரண்டு இடங்களையும் பார்த்து மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

படத்தின் பிட்ரேட், அதாவது ஒரு விநாடிக்குச் செலவாகும் தரவு, 8 எம்பிபிஎஸ் தாராளம். அந்தக் கணக்கில் ஐந்து நிமிடத்துக்கு சுமார் 300 எம்பி வரும். இன்னும் ஏற்றினால் தரம் கூடுவது கண்ணுக்குத் தெரியாது, சில டிவிகள் திக்கும்.

பென்டிரைவையும் கவனிக்க வேண்டும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்தது என்றால் எல்லா டிவியும் படிக்கும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் சிலவற்றில் தெரியாது. எஃப்ஏடி32இல் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, போட்டோ வீடியோ அதை எட்டப் போவதில்லை. ஃபைல் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சின்னதாக வையுங்கள், ஃபோல்டருக்குள் போடாமல் வெளியிலேயே வையுங்கள்.

புரொஜெக்டர் என்றால், பழையவை பல 1024க்கு 768 அளவு. அதில் அகலப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். அது கோளாறு இல்லை. எல்இடி சுவர் என்றால் அதன் பிக்சல் அளவை ஆபரேட்டரிடம் முன்கூட்டியே கேட்டு, அதே விகிதத்தில் வீடியோவைச் செய்வது நல்லது.

லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் நேரடியாக இணைக்கிறவர்களுக்கு ஒன்று. ஒலியும் அந்தக் கேபிள் வழியே புரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்குப் போய்விடும், மண்டபத்து மைக்செட்டில் சத்தம் வராது. டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, ஒலி வெளியேறும் இடத்தை லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளைக்கு மாற்றி, அங்கிருந்து மைக்செட்காரரின் மிக்சருக்கு வயர் இழுக்க வேண்டும். பொருத்தமான வயர் அவரிடம் இருக்கிறதா என்று முதல்நாளே கேளுங்கள். ஸ்லீப் மோடையும் வாட்ஸ்அப் அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள்.

அம்மாவின் கல்யாணப் படங்கள் பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. கலர் படங்கள் சிவந்துபோயிருக்கின்றன.
– வாசகர், காரைக்குடி

கண்ணாடியில் ஒட்டியதைப் பிரிக்க முயலாதீர்கள். ஈரப்பதத்தில் படத்தின் மேற்பூச்சு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும், கையில் வெறும் தாள் வரும். கண்ணாடியோடு சேர்த்தே போனில் எடுங்கள். ஒரு கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்குத் துளை போட்டு, துணியைப் போனுக்கும் உங்களுக்கும் திரையாகப் பிடித்தால், உங்கள் சட்டையும் கையும் கண்ணாடியில் பிரதிபலிக்காது. வெளிச்சம் பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வரட்டும், ஃபிளாஷ் கூடாது. கூகுளின் போட்டோஸ்கேன் ஆப் நான்கு மூலையிலிருந்தும் எடுத்துச் சேர்த்துப் பளபளப்பை நீக்கிக் கொடுக்கும், அதுவும் இலவசம்.

பசைத்தாள் ஆல்பத்தில் மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாள் எளிதாக வந்தால் வரட்டும். படம் வராவிட்டால் பல்லிடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் செலுத்தி, அறுப்பதுபோல் இப்படியும் அப்படியும் மெதுவாக நகர்த்துங்கள். கத்தி வேண்டாம். அதற்கும் மசியாவிட்டால் பக்கத்தை அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்துவிடலாம்.

ஸ்கேன் அளவு: 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி) போட்டால் 1200க்கு 1800 பிக்சல். திரை முழுக்க நிற்க இது மட்டுமட்டாகப் போதும். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டப் போகிறீர்கள் என்றால் 600. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200 டிபிஐ, அப்போதுதான் உயரம் 2,100 பிக்சலை எட்டும்.

சிவந்த படங்களுக்கு ஜிம்ப் என்ற இலவச மென்பொருள். எழுபது, எண்பதுகளின் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுப்பதால்தான் சிவப்பு மிஞ்சுகிறது. கலர்ஸ் மெனுவில் ஆட்டோ, அதில் ஒயிட் பேலன்ஸ் என்று தட்டினால் பாதிப் படங்கள் ஒரே தட்டில் திரும்பி வரும். வராதவற்றை கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவதே மேல். ஆனால் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஏஐ ஆப்பில் கலர் ஏற்ற வேண்டாம். அது கூறைப்புடவைக்கு ஊதா அடித்துவிடும், அம்மாவுக்குத்தான் தெரியும் அது அரக்கு என்று.

தலைப்பைத் தமிழில் அடித்தால் எழுத்து உடைகிறது. கொம்பும் காலும் தனித்தனியாக, நடுவில் புள்ளி வட்டம் வருகிறது.
– வாசகி, மதுரை

உங்கள் மென்பொருளின் தலைப்புப் பகுதி தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியாதது. ஷாட்கட்டில் ஃபில்டர்ஸ் பகுதியிலுள்ள 'டெக்ஸ்ட்: சிம்பிள்' யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்டும். எழுத்துரு நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் எடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் வராது, ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்ட வேண்டும்.

எந்த மென்பொருளிலும் உடையாத வழி ஒன்று உண்டு. ஸ்லைடு செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸில் 16:9 ஸ்லைடு ஒன்றில் தலைப்பை அடித்து, ஃபைல், எக்ஸ்போர்ட், பிஎன்ஜி என்று போய், அளவை 1920க்கு 1080 என்று கொடுத்துப் படமாகச் சேமியுங்கள். பிறகு அதுவும் வரிசையில் ஒரு போட்டோதான். எழுத்து உயரம் திரையில் பதினைந்தில் ஒரு பங்குக்குக் குறைந்தால் கடைசி நாற்காலிக்காரருக்குத் தெரியாது. நான்கு ஓரத்திலும் இருபதில் ஒரு பங்கு விட்டு எழுதுங்கள். சில டிவிகள் ஓரத்தை நறுக்கிவிட்டுத்தான் காட்டும்.

சினிமாப் பாட்டு சேர்த்த வீடியோவை யூடியூபில் ஏற்றினேன். காப்பிரைட் என்று தடுத்துவிட்டார்கள். 'அன்லிஸ்டட்' போட்டும் அதே கதை. மண்டபத்தில் ஓட்டினால் மட்டும் பிரச்சினை இல்லையா?
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டும் வேறு வேறு. காப்புரிமைச் சட்டம், 1957இன் 52(1)(இசட்ஏ) பிரிவு, உண்மையான மதச் சடங்குகளில் பாட்டை ஒலிக்கச் செய்வது உரிமை மீறல் ஆகாது என்கிறது. திருமண ஊர்வலமும் திருமணத்தையொட்டிய மற்ற சமூக நிகழ்ச்சிகளும் அதில் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. இந்த விலக்கு எதுவரை என்று வழக்குகள் நடந்திருக்கின்றன, ஆனால் சட்டத்தின் சொற்கள் இவை. இணையத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு கிடையாது.

யூடியூபின் கன்டென்ட் ஐடி ஒலியின் அடையாளத்தை வைத்துத் தானாகப் பிடிக்கிறது. அன்லிஸ்டட், பிரைவேட் எல்லாவற்றையும் பார்க்கும். வேகத்தைக் கொஞ்சம் கூட்டி, சுருதியை மாற்றி ஏமாற்றலாம் என்று சொல்லித் தருகிறவர்களை நம்பாதீர்கள். பாட்டும் கெடும், பிடிபடவும் செய்யும். வந்திருப்பது 'கிளெய்ம்' (பாட்டு தங்களுடையது என்ற உரிமைக் கோரல்) என்றால் பயப்பட வேண்டாம், அது சேனலுக்கே எச்சரிக்கையாக விழும் 'ஸ்ட்ரைக்' அல்ல. யூடியூப் ஸ்டூடியோவில் அந்த வீடியோவின் காப்பிரைட் பகுதிக்குப் போனால், பாட்டை மட்டும் ஒலி நீக்கவோ, யூடியூபின் ஆடியோ லைப்ரரியிலிருந்து வேறு இசையை மாற்றி வைக்கவோ அங்கேயே வழி இருக்கும். அந்த லைப்ரரியில் சில இசைகளுக்கு மட்டும், இசைத்தவர் பெயரை விளக்கத்தில் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை உண்டு.

"பழைய பாட்டுத்தானே" என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை, எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டு வரை. ஒலிப்பதிவு விடுபட்டாலும் மற்ற இரண்டும் நிற்கும். முழுக்கச் சிக்கலில்லாதது வேண்டும் என்றால் வீட்டிலேயே ஆள் இருக்கலாம்: 1847இல் மறைந்த தியாகராஜரின் கீர்த்தனை ஒன்றை அத்தை வீணையில் வாசித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனில் பதிவு செய்தால் போதும்.

அப்பாவின் 31ஆம் நாள் நினைவுக்குச் செய்கிறேன். சகோதரங்கள் கனடாவிலும் பிரான்சிலும் இருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பின படங்கள் திரையில் மங்கலாக இருக்கு. திகதி வரிசையும் குழம்பிப் போச்சு.
– வாசகி, யாழ்ப்பாணம்

வாட்ஸ்அப் படமாக அனுப்பினால் அதன் நீண்ட பக்கத்தைச் சாதாரணமாகச் சுமார் 1600 பிக்சலுக்குக் குறைத்து, எடுத்த திகதி உள்ளிட்ட விவரங்களையும் கழற்றிவிடும். ஃபைல் பெயரில் இருக்கும் எட்டு இலக்கம் வாட்ஸ்அப்பில் அனுப்பின திகதி, படம் எடுத்தது அல்ல. அதனால்தான் 1985ஆம் ஆண்டுப் படமும் போன மாதத்துப் படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இணைப்புக் குறியைத் தட்டி 'டாகுமென்ட்' என்று தேர்ந்து அனுப்பச் சொல்லுங்கள். மூலப்படம் அப்படியே வரும். நிறைய இருந்தால் கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து எல்லோரையும் அதில் போடச் சொல்வது சுலபம். ஐபோன்காரர்கள் அனுப்புவது எச்இஐசி என்று முடிந்தால், எக்ஸ்என்வியூ எம்பி என்ற படம் மாற்றும் மென்பொருளில் மொத்தமாக ஜேபெக் ஆக மாற்றிக்கொள்ளலாம்.

மூலப்படம் இனிக் கிடைக்காதவற்றைத் திரை நிறைய இழுக்காமல், மங்கலான பின்னணியில் பாதி அளவில் வையுங்கள். சின்னதாக இருந்தாலும் கூர்மையாக இருக்கும். நினைவு நிகழ்வுக்கு ஜூம் வேண்டாம், படத்துக்கு 7 விநாடி, டிசால்வ் 2 விநாடி. நாலு நிமிட இசைக்கு 47 படம் வரும்.

கணினி இல்லை, போன் மட்டும்தான். எந்த ஆப்?
– வாசகர், தர்மபுரி

விஎன். இலவசமாகவே வாட்டர்மார்க் இல்லாமல் கொடுக்கும். இன்ஷாட்டின் இலவசப் பதிப்பு மூலையில் பெயர் போடும். சில ஆப்கள் கடைசியில் தங்கள் லோகோத் துண்டு ஒன்றை ஒட்டிவைக்கும், எக்ஸ்போர்ட்டுக்கு முன் டைம்லைனின் முடிவுவரை தள்ளிப் பார்த்து அழித்துவிடுங்கள். போனில் 3 ஜிபியாவது காலி இருக்கட்டும். முடித்த வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் டாகுமென்ட்டாகவே அனுப்புங்கள். 2 ஜிபி வரை போகும், தரம் குறையாது.

இரண்டு பாட்டை ஒட்டினேன். முதல் பாட்டு மெதுவாக, அடுத்தது காதைக் கிழிக்கிறது. ஒட்டிய இடமும் வெட்டுப்பட்டதுபோல் இருக்கிறது.
– வாசகி, புதுச்சேரி

ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் சரிசெய்யலாம். இரண்டு பாட்டையும் தனித்தனி டிராக்கில் திறந்து, ஒவ்வொன்றாகத் தேர்ந்து, எஃபெக்ட் மெனுவில் 'லவுட்னஸ் நார்மலைசேஷன்' கொடுங்கள். அதில் தானாக இருக்கும் –23 மிகவும் மெல்லியது. –16 என்று மாற்றுங்கள். காதுக்கு இரண்டும் ஒரே அளவில் வந்துவிடும்.

வெட்டும் இடம்தான் கைவேலை. சினிமாப் பாட்டை நடுச்சரணத்தில் வெட்டினால் எவ்வளவு தேய்த்தாலும் குறையாகவே கேட்கும். முதல் சரணம் முடிந்து பல்லவி திரும்ப வரும் அல்லவா, அந்தப் பல்லவியின் கடைசி வரியில் முடியுங்கள். அடுத்த பாட்டின் தொடக்க இசை அந்த வரி முடிவில் 2 விநாடி மேற்படியுமாறு இரண்டாம் டிராக்கை நகர்த்தி, முதலாவதின் கடைசிக்கு ஃபேட் அவுட், இரண்டாவதின் தொடக்கத்துக்கு ஃபேட் இன். டபிள்யூஏவி ஆகச் சேமித்து அதை ஷாட்கட்டில் போடுங்கள். மாறும் பிட்ரேட்டில் சுருக்கிய எம்பி3களை நேரடியாகப் போட்டால், சில மென்பொருள்களில் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, கடைசிப் படம் வரும்போது ஓரிரு விநாடி தள்ளி நிற்கும்.

பாதி வேலை முடித்துவிட்டு மறுநாள் திறந்தால் படங்களைக் காணோம் என்கிறது. இருப்பவையும் திக்கித் திக்கி ஓடுகின்றன.
– வாசகர், நாகர்கோவில்

ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் படங்கள் இல்லை, அவை இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கிறது. முதல்நாள் பென்டிரைவிலிருந்தோ போன் வயரிலிருந்தோ நேரடியாக இழுத்துப் போட்டிருப்பீர்கள். அதே பென்டிரைவைச் செருகிவிட்டுத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும். அடுத்த முறை படம், பாட்டு, ப்ராஜெக்ட் மூன்றையும் லேப்டாப்பில் ஒரே ஃபோல்டருக்குள் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுவில் அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றாதீர்கள்.

திக்குவதற்குக் காரணம் படங்களின் அளவு. 50 மெகாபிக்சல் போன் படங்கள் அறுபதை வைத்துக்கொண்டு பழைய லேப்டாப் முக்குகிறது. எக்ஸ்என்வியூ எம்பியின் பேட்ச் கன்வர்ட்டில் நீண்ட பக்கம் 2880 பிக்சல் என்று கொடுத்து எல்லாவற்றையும் வேறு ஃபோல்டரில் குறைத்து எடுங்கள். 1080பி வீடியோவில் ஜூம் செய்யவும் அது போதும். ஷாட்கட்டின் செட்டிங்ஸில் பிரிவியூ ஸ்கேலிங் 360பி வைத்தால் வேலை செய்யும்போது இலேசாக ஓடும், எக்ஸ்போர்ட் ஆகும் வீடியோவின் தரத்தை அது தொடாது. திரையில் திக்கினாலும் எக்ஸ்போர்ட் ஆன ஃபைலை விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள். அதில் சரியாக ஓடினால் எதையும் மாற்ற வேண்டாம்.